ஆறாயிரத்து இருநூறில்

ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
இந்த வரிசையில்தான் தீப்பிடிக்கும்.
எண்ணப் பழகிய பிள்ளை சிரிக்கும்;
எஞ்சினுக்கு இதுதான் நேர்.

ஆல்ட்டெனாவில், லென்ன ஆற்றங்கரையில்
ஒருகாலம் கம்பி இழுத்த ஆலையின் பின்கட்டில்
எங்கள் ஷட்டர்.
மலை இரண்டு பக்கமும் நெருக்குவதால்
மார்ச்சிலும் நாலு மணிக்கே விளக்குப் போடவேண்டும்.

டோர்ஸ்டன் வீபுஷின் மலையேற்றப் பந்தயக் கார்.
இரண்டு லீட்டர், பதினாறு வால்வு.
குளிர்காலம் முழுக்க நானும் நிரோஜனும் கட்டியது:
பிஸ்டன் நாலையும் தராசில் வைத்து
அரைக் கிராம் கூடியதைச் சுரண்டி,
வளையத்தின் வாயை அரத்தால் தேய்த்து,
பேரிங் தொப்பியை இறுக்கி, கழற்றி,
நசுங்கிய பிளாஸ்டிக் இழையின் அகலம் பார்த்து
மறுபடி இறுக்கி.
கடைசியில் பிளாக்குக்கு நீலம் அடித்தேன்.
அதை யாரும் கேட்கவில்லை.

ஆறாயிரம் வரை ஒரு குறையும் சொல்ல முடியாது.
ஆறாயிரத்து இருநூறில்
கதைத்துக்கொண்டிருந்தவர் ஒரு சொல்லை மறந்ததுபோல்
இடறும்.
பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும்.
குளிரில் வராது. நின்ற இடத்தில் வராது.
லூடன்ஷைடு ஏற்றத்தில், மூன்றாம் கியரில்,
சூடேறியபின் முழுக்க மிதித்தால் மட்டும்.

நிரோஜன் சொன்னான்: வால்வு ஸ்பிரிங். ஹெட்டைத் திறப்பம்.
நான் சொன்னேன்: பொறு.
அழுத்தம் அளந்தோம்.
பதின்மூன்று, பதின்மூன்று, பன்னிரண்டரை, பதின்மூன்று.
அந்த அரையைப் பிடித்துக்கொண்டு
இரண்டு நாள் சண்டை.

மூன்றாம் சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் காது வைத்தேன்.
புகைக்குழாயில் சீறினால் வால்வு.
எண்ணெய் மூடியில் சீறினால் வளையம்.
ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கெட்.
எங்கும் ஒன்றுமில்லை,
மேல்மாடியில் கெஸெபோம் அம்மாவின் வானொலி தவிர.

பிளக் மாற்றினோம். காயில் மாற்றினோம்.
இன்ஜெக்டர்களைக் கண்ணாடிக் குடுவைகளில் பீய்ச்சவிட்டோம்;
நாலு மட்டமும் ஒரே கோட்டில் நின்றதும்
எரிச்சல்தான் வந்தது.
இவ்வளவு சரியாய் இருக்கிறவற்றோடு
யார்தான் என்ன பேச?

ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் சத்தம் குற்றம்.
எஞ்சின் உறுமினால்
கெஸெபோம் அம்மா வைப்பருக்குள் கடிதம் செருகுவா.
ஏற்கெனவே ஏழு, திகதியும் நேரமும் போட்டு.
அதனால் சத்தமில்லாத வேலையாய்த் தேடினேன்.
பெட்ரோல் பம்பின் ஃப்யூஸை உருவிவிட்டு
மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் கறுப்பில்,
மற்றது பிளாக்கில்.
நிரோஜன் சாவி திருப்ப
ஸ்டார்ட்டர் ஐந்து விநாடி முனகியது.
சுழியத்தை ஒட்டிக் கிடக்கவேண்டிய இலக்கம்
ஒன்று புள்ளி நாலு என்றது.

எர்த்.

விரலகலப் பின்னல் செம்புப் பட்டை.
அதன் காதுக்கும் பிளாக்குக்கும் நடுவே
என் நீலம்.
இரண்டு பூச்சு, மேலே வார்னிஷ்.
போல்ட்டின் புரி எங்கோ கொஞ்சம் இரும்பைத் தொட்டு
இத்தனை நாளும் பாரம் இழுத்திருக்கிறது.
சூட்டில், நாலு காயிலும் ஒரேயடியாய்க் கேட்கும்போது
பாவம், அது எங்கே போகும்.

நிரோஜன் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.
"கம்பி இழுத்த ஊரில, அக்கா, கம்பியில பிழை."
கம்பியில் பிழை இல்லை. தூரிகையில்.
மண்ணோடு தொடர்பு விட்டுப்போனால் என்று
அவன் அடுத்த வசனத்தைத் தொடங்கினான்;
உவமை வருவது தெரிந்தது.
எமரித் தாளை நீட்டினேன்: சுரண்டு.

இரண்டு யூரோ நாணயமளவு வெறும் இரும்பு
விளக்கில் மினுங்கும்வரை சுரண்டினான்.

திங்கள், அதே ஏற்றம்.
ஆறாயிரத்து இருநூறு கடந்தது எனக்குத் தெரியவில்லை.
ஏழாயிரத்து நானூறில்தான் மூச்சு விட்டேன்.
அந்த வேகத்தில் வரிசையை எண்ண முடியாது.
நம்பத்தான் வேண்டும்.

மாலை, வைப்பரில் எட்டாவது கடிதம்:
"சத்தம் முன்புபோலவே பொறுக்க முடியாதது.
இருமல் மட்டும் நின்றிருக்கிறது. — இ. கெஸெபோம்."

வானொலியைத் தணித்துவிட்டு
பள்ளத்தாக்கின் இந்தப் பக்கமிருந்து
அவ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா.

டோர்ஸ்டன் காரை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.
நிரோஜன் கை கழுவிக்கொண்டே கேட்கிறான்:
"அப்ப அந்த மூன்றாம் சிலிண்டரின்ர அரை?"